மூன்று பதிவேடுகளிலும் அதே 120

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நெருங்கும் மாதங்களில், கணினி அறிவியல் பிரிவில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஆண்டுதோறும் ஒன்றுதான்: "பையன் பைத்தான் படிக்கணுமா, ஜாவா படிக்கணுமா சார்?" ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் நிரலாக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் இதற்கு உறுதியான விடை இருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். முதலில் எந்த மொழியைப் படித்தாலும் பெரிய நட்டம் இல்லை, இரண்டாவது மொழியை எப்படிப் படிக்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் சொன்னால், கேட்டவர் சற்று ஏமாற்றத்தோடு தலையசைத்துவிட்டுப் போகிறார். அந்த விடையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவே இக்கடிதம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்ட ஒழுங்குமுறையில் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் முதல் பருவத்திலேயே பைத்தான் வந்தது. 2021 ஒழுங்குமுறையும் அதைத் தொடர்ந்தது. இரண்டிலும் கணினி அறிவியல் மாணவர்களுக்கு இரண்டாம் பருவத்தில் சி, மூன்றாம் பருவத்தில் ஜாவா. அதாவது ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று மொழிகள். இந்த வரிசையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் குறையெல்லாம், ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அந்த வகுப்பில் இருப்பவர்கள் இதற்கு முன் ஒரு நிரலைக்கூட எழுதியதில்லை என்ற பாவனையில் பாடம் தொடங்குகிறது என்பதுதான். மொழியின் வரலாறு, தரவு வகைகள், செயற்குறிகள், 'இஃப்', 'ஃபார்', 'வைல்' என்று அதே படிக்கட்டில் மூன்று முறை ஏறச் செய்கிறோம். மூன்றாம் முறை ஏறும்போது மாணவர் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அவர் கவனிக்காமல் விடும் அந்த இடத்தில்தான் புதிய மொழி பழைய மொழியிலிருந்து விலகி நடக்கிறது.

இதற்குச் சான்று வேண்டுவோர் எந்தக் கல்லூரியிலும் ஆய்வகப் பயிற்சிகளை எழுதி வைக்கும் ஒரு மாணவரின் மூன்று ரெக்கார்டு நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்க்கலாம். நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்ற அதே ஐந்து தலைப்புகளின் கீழ், அநேகமாக மூன்றிலும் காரணீயப் பெருக்கம் (1 முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா எண்களின் பெருக்கற்பலன்) காணும் நிரல் இருக்கும். மூன்றிலும் உள்ளீடு 5. மூன்றிலும் வெளியீடு 120. நானே இருபத்தாறு ஆண்டுகளாக அந்த 120க்குக் கீழே பச்சை மையில் கையொப்பம் இட்டிருக்கிறேன். மூன்று மொழிகளும் ஒரே மாதிரிதான் இயங்குகின்றன, எழுத்துமுறை மட்டுமே வேறு என்று மாணவர் முடிவு செய்துகொள்ள அந்த 120ஐ விடப் பெரிய காரணம் தேவையில்லை.

5க்குப் பதிலாக 13 கொடுத்திருந்தால் கதை வேறு. பைத்தான் 6227020800 என்று சரியான விடையைத் தரும். அந்த மொழியில் முழு எண் எவ்வளவு பெரிதானாலும் நினைவகம் இருக்கும்வரை வளர்ந்துகொண்டே போகும். ஜாவாவில் அதே நிரலை 'இன்ட்' என்ற முழு எண் வகையில் எழுதினால் 1932053504 என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, நிரல் அமைதியாகத் தவறான எண்ணை அச்சிட்டுவிட்டு முடிந்துவிடும். அந்த வகைக்கு உரிய 32 பிட்டுகளுக்குள் (இரும இலக்கங்களுக்குள்) அடங்காத பகுதி வெட்டுண்டு போனதால் வந்த எண் அது. சரியான விடையிலிருந்து அதைக் கழித்தால் 4294967296, அதாவது 2இன் 32ஆம் அடுக்கு, கிடைக்கும். சி மொழியிலும் இன்றைய பெரும்பாலான கணினிகளில் அதே 1932053504தான் தோன்றும். ஆனால் அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஜாவா தன் 'இன்ட்' 32 பிட் என்றும், நிரம்பி வழிந்தால் இப்படித்தான் சுற்றிக்கொள்ளும் என்றும் வரையறுத்துச் சொல்கிறது. சி மொழியின் தரநிலையோ, 'இன்ட்' போன்ற குறியுள்ள (எதிர்ம மதிப்பும் ஏற்கும்) முழு எண் வழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. திரையில் ஒரே எண். ஆனால் ஒன்று வாக்குறுதி, மற்றொன்று தற்செயல். இந்த ஒரு சோதனையைப் பத்து நிமிடம் பேசினால், மூன்று மொழிகளின் முழு எண்களைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் பேச வேண்டியதில் பாதி பேசியாயிற்று.

இதில் என் சொந்தக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். சி நிரல்களை எழுதி ஓட்டப் பயன்பட்ட, 1990களின் தொடக்கத்து டர்போ சி++ மென்பொருளின் நீலத் திரையை எங்கள் ஆய்வகத்தில் நெடுங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். புதிய விண்டோஸ் அதை ஏற்க மறுத்தபோது, பழைய டாஸ் இயங்குதளத்தைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் அடைத்து அதை ஓட்டினோம். அந்தச் சூழலில் 'இன்ட்' 2 பைட் (16 பிட்) அளவுடையது, அதன் உச்சம் 32767. அதையே நான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன், மாணவர்கள் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அதையே எழுதினார்கள், நானும் மதிப்பெண் போட்டேன். ஆய்வகம் ஜிசிசி என்ற இன்றைய நிரல்பெயர்ப்பிக்கு (கம்பைலருக்கு) மாறிய ஆண்டில் ஒரு மாணவர், ஒரு வகை எத்தனை பைட் என்று சொல்லும் 'சைஸ்ஆஃப்' கொண்டு பார்த்துவிட்டு எழுந்து, "சார், சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தா 4 வருது, நோட்ஸ்ல 2ன்னு இருக்கு" என்றார். நான் அன்று சொன்ன பதில், "தேர்வில் 2 என்றே எழுது" என்பது. சி மொழி 'இன்ட்' இத்தனை பைட் என்று அறுதியிட்டுச் சொல்வதேயில்லை, அது கணினியையும் நிரல்பெயர்ப்பியையும் பொறுத்தது என்ற உண்மையை விளக்க அதைவிடப் பொருத்தமான தருணம் எனக்கு வாய்த்ததில்லை. பழைய நீலத் திரையில் 8இன் காரணீயப் பெருக்கமே 40320க்குப் பதிலாக -25216 என்று வந்திருக்கும். புதிய திரையில் 12 வரை சரியாக வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. ஜாவா ஆய்வகத்தில் ஒரு மாணவி, பயனர் தட்டச்சு செய்யும் பெயரும் கடவுச்சொல்லும் சரியா என்று பார்க்கும் நிரலை எழுதிக்கொண்டிருந்தார். பைத்தானில் செய்ததைப் போலவே இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டிருந்தார். இரண்டு சொற்களையும் நிரலுக்குள்ளேயே எழுதிச் சோதித்தபோது 'சரி' என்று வந்தது. விசைப்பலகையில் அதே எழுத்துகளைத் தட்டியபோது 'தவறு' என்று வந்தது. பக்கத்து இருக்கை மாணவர் எட்டிப் பார்த்து, 'ஈக்வல்ஸ்' போடு என்றார். போட்டார், ஓடியது. நான் அருகே சென்று ஏன் என்று கேட்டேன். "ஜாவால அப்படித்தான் சார்" என்றார். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இந்தப் பதில் போதும். முழு மதிப்பெண்ணே கிடைக்கும்.

ஆனால் அந்த மாணவி முந்தைய பருவத்தில்தான் சி மொழியில் இரண்டு சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒப்பிட 'எஸ்டிஆர்கம்ப்' என்ற செயற்கூறை (ஃபங்ஷனை) பயன்படுத்தியிருந்தார். அங்கேயும் இரட்டைச் சமக்குறி போட்டால் வேலைக்காகாது என்று மனப்பாடமாகத் தெரியும். மூன்று மொழிகளிலும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு பெயர்களின் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா, அல்லது இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பொருளா? சி மொழியில் எழுத்துகளை வரிசையாக வைத்திருக்கும் அணிகளின் (அரேக்களின்) பெயர்களைச் சமக்குறியால் ஒப்பிட்டால் முகவரிகள் ஒப்பிடப்படுகின்றன. எழுத்துகளை ஒப்பிடத் தனிச் செயற்கூறு வேண்டும், அதுவும் இரண்டும் ஒத்திருந்தால் 0 தரும் என்பது புதியவர்களை இன்னொரு முறை தடுக்கிவிடும். ஜாவாவிலும் சமக்குறி 'ஒரே பொருளா' என்றே கேட்கிறது, 'ஈக்வல்ஸ்' எழுத்துகளைப் பார்க்கிறது. நிரலுக்குள் எழுதப்பட்ட ஒரே மாதிரியான சொற்களை ஜாவா ஒரே பொருளாகப் பகிர்ந்து வைத்துக்கொள்வதால்தான் அந்த மாணவியின் முதல் சோதனை தேறியது. பைத்தானில் சமக்குறி எழுத்துகளைப் பார்க்கிறது. 'ஒரே பொருளா' என்று கேட்க 'இஸ்' என்ற தனிச் சொல் இருக்கிறது. மூன்று பருவங்களில் மூன்று விதிகளாக அவர் மனப்பாடம் செய்தது உண்மையில் ஒரே விஷயம் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டாம் மொழியைக் கற்பித்தல் என்று நான் சொல்வது இதைத்தான்.

புதிய மொழியில் முற்றிலும் அந்நியமாகத் தோன்றுவது மாணவரை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதை அவர் நின்று படித்துவிடுவார். கெடுப்பது பழகிய முகத்தோடு வருவது. தமிழில் 'அவசரம்' என்றால் விரைவு, தெலுங்கில் அதே சொல்லுக்குத் தேவை என்று பொருள். தெரியாத சொல்லைக் கேட்டால் பொருள் கேட்போம். தெரிந்த சொல் என்று நினைத்துவிட்டால் கேட்காமலேயே பதில் சொல்லிவிடுவோம். நிரல் மொழிகளில் மீதி காணப் பயன்படும் சதவீதக் குறி அப்படிப்பட்ட ஒன்று. ஞாயிறு 0, திங்கள் 1 என்று தொடங்கிச் சனி 6 வரை எண்ணிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு என்ன கிழமை என்று கேட்கிறோம். 0இலிருந்து 3ஐக் கழித்து, 7ஆல் வகுத்து மீதி காண வேண்டும். பைத்தான் 4 என்கிறது, அதாவது வியாழன், சரியான விடை. சி, ஜாவா இரண்டும் -3 என்கின்றன. அந்த -3ஐக் கொண்டு கிழமைப் பெயர்களின் அணியைத் தொட்டால் ஜாவா எல்லை மீறியதாக அறிவித்து நிரலை நிறுத்திவிடும். சி, அணிக்கு முன்னால் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுக்கப் பார்க்கும். குப்பை வரலாம், நிரல் விழலாம், எதுவும் நிச்சயமில்லை. பைத்தானுக்கு -3ஐயே நேராகக் கொடுத்தாலும் பட்டியலின் கடைசியிலிருந்து எண்ணி வியாழனைத்தான் எடுத்துத் தரும் என்பது ஒரு வேடிக்கை. பைத்தானில் கிழமை நிரலை எழுதிப் பழகிய மாணவர் அதை வரிக்கு வரி சி மொழிக்கு மாற்றினால் நிரல்பெயர்ப்பி ஒரு குறையும் சொல்லாது. மீதி காணும் முன் 7ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று யார் சொல்லித் தருவது? வகுத்தலும் இப்படியே: மதிப்பெண் சராசரி பைத்தானில் 2.5 என்று வந்தது, சி மொழியில் முழு எண்களை வகுத்தால் 2 என்று நிற்கும்.

பிழைச் செய்திகளைப் படிக்கக் கற்றுத்தருவதும் இந்த வகையில் சேர வேண்டியது. ஆனால் எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. சி மொழியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் சில சமயம் திரை முழுவதும் செய்தி கொட்டும்; முதல் செய்தியை மட்டும் பார்த்துத் திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும், ஏனென்றால் மற்றவை பெரும்பாலும் அதன் பின்விளைவுகள். பைத்தானில் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும், கடைசியாக அழைக்கப்பட்டது கடைசியில் என்று அந்தச் செய்தியின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். ஜாவா இதைத் தலைகீழாக அடுக்குகிறது. என்ன பிழை என்பது முதல் வரியில், கடைசியாக நடந்தது அதற்கு அடுத்து. பைத்தானில் பழகிய மாணவர் ஜாவாவின் நீண்ட செய்தியின் அடிக்குப் போய், முக்கியமற்ற ஒரு வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். இதையெல்லாம் தாளில் நிரல் எழுதும் தேர்வு ஒருபோதும் சோதிப்பதில்லை. 13 மதிப்பெண் வினாவுக்குத் தாளில் எழுதிய நிரல் பிழைச் செய்தி தருவதில்லை, நிரம்பி வழிவதில்லை. அது எப்போதும் ஓடும்.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முதலாண்டு வகுப்பறையில் மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்து, 11ஆம் வகுப்பில் சி++ஐயும் 12ஆம் வகுப்பில் பைத்தானையும் படித்தவரும், உயிரியல் பிரிவிலிருந்து வந்து கணினியை இயக்கவே தயங்குபவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். தமிழ்வழியில் படித்தவர் மாறி, மடக்கு, செயற்கூறு, இனக்குழு என்று தெளிவாகவே கற்றுக்கொண்டு வந்திருப்பார். இங்கே வந்ததும் அந்தச் சொற்களை ஒருவரும் உச்சரிப்பதில்லை என்பதால், தனக்குத் தெரிந்ததே தனக்குத் தெரியாது என்று எண்ணிக்கொள்கிறார். 'லூப்' என்பது நீ படித்த மடக்குதான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னபோது முகம் மலர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் பருவத்தில் அகரத்திலிருந்து தொடங்குவதை நான் எதிர்க்கவில்லை, அது நியாயம். இரண்டாம், மூன்றாம் பருவங்களில் அந்த நியாயம் கிடையாது. அப்போது வகுப்பில் உள்ள அநேகமாக அனைவரும் முந்தைய பாடத்தை நம்மிடமே படித்தவர்கள்.

நிரல் மொழியை ஒரு தகுதிப் பட்டியலாகச் சேர்க்கும் பழக்கமும் இத்துடன் ஒட்டியிருக்கிறது. தற்குறிப்பில் ஏழு மொழிகள் எழுதும் மாணவருக்கு ஏழிலும் 120 அச்சிடத் தெரியும். நான்காவது ஒரு மொழி கற்க நேரமிருப்பவர், முன்பு கற்றவற்றைப் போன்ற இன்னொன்றை எடுப்பதைவிட, வேறு வகை மொழி ஒன்றை எடுக்கலாம் என்பது என் எண்ணம். சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டில் இளநிலை மாணவர்களுக்கு ஹாஸ்கெல் மொழியைக் கற்பித்து வந்திருக்கிறார்கள். அந்த மொழியில் ஒரு மாறிக்கு மதிப்பு தந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. 'ஃபார்', 'வைல்' மடக்குகளும் இல்லை. காரணீயப் பெருக்கத்தைத் தற்சுழற்சியாலோ (செயற்கூறு தன்னையே அழைப்பதாலோ), எண்களின் பட்டியல் ஒன்றைப் பெருக்கியோ எழுத வேண்டும். சி, ஜாவா, பைத்தான் மூன்றும் தமக்குள் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பது அங்கே போய்த் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதிக் கொடுத்துவிடும்போது இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். என்னிடம் வரும் மாணவர்கள் சிலர் பைத்தான் நிரலை ஒட்டி, இதை ஜாவாவாக மாற்று என்று கேட்டுப் பெற்றதைக் காட்டுகிறார்கள். எழுத்துமுறை பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது. அது 'இன்ட்' என்று எழுதியிருக்கும் இடத்தில் அதைவிடப் பெரிய எண்களை ஏற்கும் 'லாங்' வேண்டுமா, 'லாங்'கும் போதாதா என்று கேட்டால் மாணவர் என்னைப் பார்க்கிறார். மூன்று பருவங்களாக நாம் மனப்பாடம் செய்ய வைத்த பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது; நாம் கற்பிக்காமல் விட்ட பகுதி மட்டும் மாணவரிடம் மிச்சமிருக்கிறது.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்கள் தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள் என்பதால் இரண்டு கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன். இரண்டுக்கும் புதிய கட்டடமோ புதிய மென்பொருளோ தேவையில்லை. இரண்டாம் பருவம் முதல், புதிய மொழி ஆய்வகத்தின் முதல் மூன்று வாரங்களுக்கு மாணவர் தம் பழைய நோட்டிலிருந்து தாமே எழுதிய நிரல்களை எடுத்துப் புதிய மொழியில் மாற்றட்டும். ஓட்டுவதற்கு முன், இந்த உள்ளீட்டுக்கு என்ன வரும் என்று தாம் எதிர்பார்ப்பதை ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கத்தில் பேனாவால் எழுதி, பிறகு வந்ததை அதன் கீழே எழுதட்டும். இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் பக்கத்துக்குக் குறைந்த மதிப்பெண்ணும், ஒத்துப்போகாமல் காரணம் கண்டுபிடித்து எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் தரலாம். வெளித் தேர்வாளர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும், தோன்றட்டும். அடுத்து, செய்முறைத் தேர்வில் அந்தந்த மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் அவை இலவசமாகவே கிடைக்கின்றன, இணையம் இல்லாமல் படிக்கும் வகையில் தரவிறக்கி ஆய்வகக் கணினிகளில் வைத்துவிடலாம். செயற்கூறின் பெயர் நினைவில் இருக்கிறதா என்று சோதிப்பதை விட்டுவிட்டு, ஓடாத நிரல் ஒன்றைக் கொடுத்து ஓட வைக்கச் சொல்லலாம்.

இவற்றில் எதுவும் உடனே நடக்காவிட்டாலும், வரும் பருவத்தில் ஆய்வகக் கையேட்டை அச்சுக்கு அனுப்பும் துறைத்தலைவர்கள் காரணீயப் பெருக்கப் பயிற்சியில் உள்ளீடு 5 என்று இருக்கும் இடத்தில் 5, 13, 25 என்று மாற்றி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். 25க்கு ஜாவாவின் 'லாங்' வகையும் போதாது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கணினி அறிவியல் பேராசிரியர்,
விருதுநகர்.